பின்லாந்து போய் வந்த கலாவுக்கு

என் கலா,

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. உன் ஊர் கௌதள்ளியில் மஞ்சள் வேகவைக்கத் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் நானும் நித்யாவும் உன் தம்பி வீட்டுக்குப் போய் வந்தோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன், நீ இருந்தபோது நான் வாய் திறக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாலு பேர் படிக்கும் இடத்தில் சொன்னால்தான் சரி என்று தோன்றுகிறது.

அப்போது நித்யாவுக்கு மூன்று வயது. நீ காலேஜில் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாய். ஒரு நாள் மைசூரு அக்ரஹாரத்து வீட்டுச் சமையலறையில், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாய். பின்லாந்தில் பயோமாஸ், அதாவது தாவரக் கழிவை எரிபொருளாக்கும் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம், உதவித்தொகையோடு.

"பாப்பா சின்னவ. இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

நீ வாதாடவில்லை. போனை வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு ரசத்துக்குத் தாளித்தாய். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டவன் நான்.

ஆறு வருடம் கழித்து மறுபடி இடம் கிடைத்தபோது நீ கேட்கவில்லை, சொன்னாய். "நான் போறேங்க. நித்யாவ நீங்க பாத்துக்கணும்." நான் முறுக்கிக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் நீ கூப்பிட்டால் போனை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அந்தச் சத்தம் உனக்கு அங்கே கேட்டிருக்கும், இல்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளித்துக்கொண்டிருந்ததால் நானே எடுத்தேன். "இங்க எல்லாரும் சின்னப் பசங்க. கணக்கெல்லாம் எனக்கு மறந்தே போச்சு. வந்துடட்டுமாங்க?" என்று அழுதாய். 'வா' என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

"பரீட்சைய எழுதிட்டு வா. இங்க நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றேன். நம் கல்யாண வாழ்க்கையில் நான் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

படித்து முடித்து வந்தாய். பெரிய கம்பெனி வேலை தேடுவாய் என்று பார்த்தால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு வெல்டரைப் பிடித்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையில் எரியும் அடுப்பு ஒன்றைச் செய்வித்து உன் தம்பியின் களத்தில் நிறுத்தினாய். புகையை வெளியே விடாமல் அதையும் சேர்த்து எரித்துவிடும் அடுப்பு. இரண்டு பருவம் அதில் மஞ்சள் வெந்தது. அப்புறம் கணையத்தில் புற்றுநோய். மூன்றே மாதம்.

இந்தப் பருவத்தில் உன் தம்பி செல்வராசு போன் செய்தான். "மாமா, அக்கா அடுப்பு ஒரே பொகையாக் கக்குதுங்க. பழையபடி வெறகுக்கே போயர்லாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்."

ரயில்வே ஆபீசில் விடுப்புப் பதிவேடு எழுதுகிறவனுக்கு அடுப்பைப் பற்றி என்ன தெரியும்? அடுப்பைப் பற்றி நீ எழுதிவைத்த நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அதிலிருந்த தமிழ் வரிகளை நான் படித்தேன், ஆங்கில வரிகளை நித்யா படித்தாள். ஓரிடத்தில், 'கட்டையைக் கையால் உடைத்தால் சடக்கென்று சத்தம் வரணும்' என்று எழுதியிருந்தாய்.

களத்தில் இறங்கியதும் நித்யா ஒரு கட்டையை எடுத்து உடைத்தாள். சத்தமே இல்லை. காலம் தப்பிப் பெய்த மழையில் எல்லாம் ஈரம் கோத்திருந்தன. காற்று போகும் ஓட்டைகளிலும் சாம்பல் அடைத்திருந்தது. நான் தரையில் படுத்து, ஒரு சைக்கிள் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டேன். கட்டைகளை இரண்டு நாள் வெயிலில் பரப்பினோம். மூன்றாம் நாள் காலையில் பற்றவைத்தபோது முதலில் கொஞ்சம் புகைந்தது. பிறகு நீலமாக எரிய ஆரம்பித்தது, கலா.

மஞ்சள் வேகும் கொப்பரைப் பக்கத்தில் நின்ற மாராத்தாள் அக்கா சொன்னார்: "கண்ணு எரியலீங்க. அந்தப் புள்ள இன்னும் கொஞ்ச வருசம் இருந்திருந்தா எத்தன களத்துக்குச் செஞ்சு குடுத்திருக்கும்!"

செல்வராசுவைத் தனியே அழைத்துப்போய், "மொதல் தடவையே போயிருக்க வேண்டியவப்பா. நான்தான் விடல" என்றேன்.

அவன் விழித்தான். "அப்ப சீட்டே கெடைக்கலீன்னுதானுங்க மாமா அக்கா சொல்லுச்சு. அம்மாகிட்டயும் அதேதான்."

உன் வீட்டார் முன் நான் தலைகுனியக் கூடாதென்று, கிடைத்த இடத்தைக் கிடைக்கவில்லை என்றா சொன்னாய்? ஆறு வருடமும் தோற்றவளாகவா எல்லார் முன்னும் நடமாடினாய்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் நித்யாவிடம் சொல்லிவிட்டேன். "யாக்கப்பா?" என்று கன்னடத்தில் கேட்டாள். ஏன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? பாப்பா சின்னவள் என்று அந்தப் பாப்பாவிடமே சொல்ல முடியுமா? "பயமா இருந்ததும்மா" என்றேன். நரசிபுரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மன்னித்தாளா, களைத்துப்போனாளா, தெரியவில்லை.

அடுத்த பருவத்துக்குள் பக்கத்துக் களத்திலும் ஓர் அடுப்பு நிற்கும். வெல்டரிடம் நீ வரைந்த அடுப்புப் படத்தைக் கொடுத்தாயிற்று. பற்றவைக்கும் நாளுக்கு முன்பே நான் அங்கே போய்விடுவேன். உன்னைப் பற்றி யார் கேட்டாலும், எனக்காக நீ சொன்ன பொய்யை இனியும் உன்னைச் சுமக்கவிட மாட்டேன். கலாவுக்கு இரண்டு முறை இடம் கிடைத்தது, முதல் முறை தடுத்தவன் நான் என்று சொல்வேன்.

உன் நித்யாவின் அப்பா,
மைசூரு