அடுப்பங்கரையில் ஒரு சிவப்பு விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சொந்த வீட்டு வாசலில் கடன்காரன் போல நின்றேன். மணி அடித்தேன். கதவை இடித்தேன். அடுப்பங்கரை ஜன்னலில் கையாட்டினேன் — என் பெண்டாட்டி மகாராணி முதுகைத்தான் காட்டினாள். காது போய்விட்டது, ஒப்புக்கொள்ள மாட்டாள். "நீங்க மெதுவா அடிக்கிறீங்க" என்கிறாள். மணியை மெதுவாக அடிப்பது எப்படி?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. அவள் எடுத்துப் படிப்பாள். படிக்கட்டும்.

மார்ச் 4

மகள் போனில் தீர்ப்பு சொல்லிவிட்டாள். "அப்பா, அம்மாவுக்குக் காது கேக்கல, உங்களுக்குப் படிக்கத் தெரியல. ரெண்டு பேரும் தனியா இருந்தது போதும். ஞாயித்துக்கிழமை வாரேன், பதினஞ்சாம் தேதி. மணி அடிச்சதும் அம்மா வந்து திறந்தா சரி. இல்லன்னா பெட்டியைக் கட்டுங்க, என் வீட்டுக்கு!"

மருமகன் குளிக்கும்போது பாடுகிறவர். அவளுக்கென்ன, கேட்காது. நான்தான் சாக வேண்டும்.

மார்ச் 6

வீடியோவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர் வீட்டிலேயே சர்க்யூட் பலகை செய்யச் சொல்லித் தருகிறார். வாசலில் பொத்தானை அமுக்கினால் அடுப்பங்கரையில் சிவப்பு விளக்கு மினுக்கும். கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மினுக்கும். ஒருமுறைதான் கேட்டேன், அப்படியே ஒப்பிப்பேன்: படத்தை வழவழப்பான தாளில் அச்செடு. செம்பு ஒட்டிய பலகையில் கவிழ்த்து இஸ்திரி போடு. மை பலகைக்குப் போய்விடும். மருந்துத் தண்ணீரில் போட்டால் மை இல்லாத செம்பெல்லாம் கரைந்துவிடும். மிச்சம் நிற்பதுதான் மின்சாரம் ஓடும் பாதை.

கல்யாணமான புதிதில் இவள் என் அம்மாவைச் சொன்ன சொல்லே இன்னும் மறக்கவில்லை. இதுவா மறக்கும்?

மார்ச் 9

அச்சுக்கடைக்காரர் கேட்டார்: "பெரியவரே, கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பி எடுக்கணுமா?"

"நேராவே எடுங்க. என் மூஞ்சியையே நான் கண்ணாடியில பாக்குறதில்ல."

மார்ச் 11

மருந்துத் தண்ணீர் செம்பை அழகாகத் தின்றது. பாத்திரம் கழுவும் தொட்டியையும் மஞ்சளாக்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியில் தாள் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நிம்மதி.

மார்ச் 13, வெள்ளி

போச்சு. விளக்கை மினுக்க வைக்கும் எட்டுக்கால் சிப்பை எப்படி வைத்தாலும் கால்கள் தப்பான இடத்துக்கே போகின்றன. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பலகையைப் பிடுங்கிப் பார்த்தாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "என்னங்க, எழுத்தெல்லாம் வலமிடமா மாறிக் கிடக்கு!"

எழுத்தா? அதுவரை பூ வேலைப்பாடு என்றல்லவா நினைத்தேன். அச்சுக்கடைக்காரர் கேட்டபோதே திருப்பச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு பலகை வாங்கலாமென்றால் கடை சனி, ஞாயிறு லீவு, திங்கள்தான் திறக்கும்.

"அந்தப் பக்கம் உக்காரலன்னா இந்தப் பக்கம் உக்கார வையுங்க. செம்பு மேலேயே வெச்சா எல்லாம் சரியா வருமில்ல?"

"உன்னை யாரு கேட்டது?" என்றேன். கேட்கவில்லை அவளுக்கு.

அவள் போனதும் வைத்துப் பார்த்தேன். வந்தது. சனியன், வந்தது.

மார்ச் 14

ஈயம் உருக்கிப் பற்றவைத்ததில் ரெண்டு விரல் வெந்தது. விளக்கை அடுப்புக்கு மேலே, அவள் கண்ணுக்கு நேராக மாட்டினேன்.

மார்ச் 15, ஞாயிறு

மகள் வந்தாள். ஒரே அமுக்கல். அம்மா கரண்டியும் கையுமாகப் போய்த் திறந்தாள். எங்கள் துணிக்கென்று கொண்டுவந்த பெட்டியைக் காலியாகவே தூக்கிக்கொண்டு மகள் திரும்பிப் போனாள். மருமகன் தனியாகப் பாடட்டும்.

மார்ச் 19

சாயங்காலம் வந்து பொத்தானை அமுக்கினேன். ஜன்னலில் எல்லாம் தெரிந்தது. விளக்கு மினுக்குகிறது. அவள் நிமிர்ந்து விளக்கைப் பார்க்கிறாள். பிறகு காபியை எடுத்து, ஊதி ஊதிக் குடிக்கிறாள்.

குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தாள்.

"விளக்கு எரிஞ்சுதே, பாக்கலையா?"

இதை மட்டும் வாயசைவிலேயே புரிந்துகொண்டாள்.

"பாத்தேனே. நீங்கதானே போன்ல மகாராணின்னு எழுதி வெச்சிருக்கீங்க? மகாராணி மெதுவாத்தான் வருவா."