பின்வரிசையில் உட்கார்ந்த அப்பா

இன்று பாரிஸின் லா சப்பல் மெத்ரோப் படிகளில் இறங்கும்போதே ரோல்ஸ் பொரியும் வாசம் வந்தது. சனிக்கிழமைகளில் ஒரு பை ரோல்ஸோடு ரூ காய் தெருவில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடப்பாய். "சாப்பாடு இருந்தால்தான் பிள்ளையள் வருங்கள்" என்பாய்.

அப்போது நாம் இருவரும் பல்கலைக்கழக மாணவிகள். லிசே என்ற உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்புகளில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளைச் சேலைக்கடைக்கு மேலே இருந்த அறையில் கூட்டி, மேலே படிக்கச் சொல்லிப் பேசுவோம். நான் படிப்பின் பயன்களை அடுக்குவேன். அவர்கள் போனைப் பார்ப்பார்கள். நீ எழுந்து, "நான் முதல் வருசம் ஃபெயில் விட்டனான்" என்று தொடங்குவாய். எல்லாத் தலையும் நிமிரும்.

லா கூர்னெவ் புறநகரிலிருந்து வந்த சாருஜா கணக்கில் கெட்டிக்காரி. ஆனாலும் பல்கலைக்கழகம் எங்களுக்கானதில்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா உணவகமொன்றில் சமையல்காரர். மத்தியானம் சாப்பிட வந்த கூட்டம் கலைந்த பிறகு அவரைப் பார்க்கப் போனோம்.

"கெதியா ஒரு வேலைக்குப் போனால் காணும் பிள்ளை. இத்தனை வருசம் படிச்சு நடுவிலை விட்டாளெண்டால் என்ன செய்யிறது?"

நீ வாதாடவில்லை. "அங்கிள், செவ்வாய்க்கிழமை உங்களுக்கு லீவுதானே? சாருஜாவோடை என்ரை வகுப்புக்கு வாங்கோ."

வந்தார், கோயிலுக்குப் போகும் சட்டையில். பின்வரிசையில் நமக்கு நடுவே இருந்தார். பேராசிரியர் பலகையை நிரப்ப, அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளையே பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டார்.

"இவ்வளவு பேருக்குள்ளை இவள் தனிய இருப்பாளோ?"

"முதல் வருசம் நான் பக்கத்திலை இருப்பன், அங்கிள்."

"அப்ப படிக்கட்டும்."

சொன்னபடியே செய்தாய். அந்த வருடம் முழுக்கக் காலையில் கார் து நோர் ரயில் நிலையத்தில் அவளுக்காகக் காத்து நின்றாய்.

அவள் படித்து முடித்த நாளில் நீ மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாய். போனை நான்தான் உன் காதருகே பிடித்தேன்.

"அக்கா, முடிச்சிட்டன். இஞ்சினியர்."

"முதலிலை அப்பாவுக்குச் சொல்லு."

"அவர் பக்கத்திலைதான் நிக்கிறார். அவர்தான் முதலிலை உங்களுக்கு எடுக்கச் சொன்னவர்."

நீ போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். ஊசி போட வந்த தாதியிடம், என் தங்கை இஞ்சினியராகிவிட்டாள் என்று பிரெஞ்சில் சொன்னாய். அதற்குப் பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. சாருஜாவும் வருகிறாள். சென்ற மாதம் பொண்டிப் புறநகரிலிருந்து ஒரு தாயும் மகனுமாக வந்தார்கள். இருவரையும் பல்கலைக்கழக வகுப்பொன்றுக்கு அழைத்துப் போனோம். என்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது என் பெயருக்கு முன்னால் உன் பெயரைச் சொல்கிறேன். அது யாரென்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்போதுதான் எனக்குப் பேச்சு வரும்.