கட்டணம் மாற்றும் படிவத்தில் நான் படித்த ஒரு வரி

குவாரி தெரு,
யார்க்‌ஷயர்.
நவம்பர் 9

என் அன்பு மகள் ஜில்லியனுக்கு,

அப்பா என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகின்றன, சில இடங்களில் பேனா தாளைக் கிழித்தும் விட்டது, பொறுத்துக்கொள். நாலு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. கடல் கடந்து பெர்த்தில் இருக்கும் உனக்கும் பேரன் டோபிக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடு தொடங்குகிறேன். நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எழுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். டோரா அத்தை இடுப்பு ஆபரேஷன் முடிந்து கம்போடு நடக்கிறாள், வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. "இந்த வயசுல படிச்சு என்ன, பிரதமர் ஆகப்போறியா" என்று கேட்டாள். "வேலை காலியானா சொல்லு" என்றேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் கோப்பும் கையுமாக ஒருவன் வாசலில் வந்து, எரிவாயு கம்பெனியை மாற்றினால் செலவு குறையும் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கிப்போனது உனக்கு நினைவிருக்கும். செலவு ஏறியதுதான் மிச்சம், உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவள் கோபப்படவில்லை, படிக்கத் தெரியாது என்று அவனிடம் சொல்ல வெட்கப்பட்டேனே, அதற்குத்தான் கோபம். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்து வருகிறவர்களுக்கு நான் கதவைத் திறப்பதில்லை. போன மாதம் நஸ்ரீன் என்று ஒரு பெண் வந்தாள். கதவில் கடிதம் போடும் துவாரத்தின் வழியாகத்தான் பேசினேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், போயிடு" என்றேன். அவள் குனிந்து அதே துவாரத்தின் வழியாக, "நான் எதையும் விக்க வரலைங்க, ஊர் கவுன்சில்ல இருந்து வந்திருக்கேன்" என்றாள். "அவனும் நல்லாத்தான் பேசினான்" என்றேன். "சரிங்க, குனிஞ்சு எனக்கு இடுப்பு வலிக்குது, இந்தத் தாளை உள்ள போடுறேன், நிதானமா படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு நாள் ஆனது படிக்க. நம் ஊர்க் குடும்பங்களின் பெயர்களை ஊர் நிர்வாகமான கவுன்சிலே ஒன்றாகச் சேர்த்து, மின்சார, எரிவாயு கம்பெனிகளோடு பேரம் பேசிக் குறைந்த கட்டணத் திட்டம் வாங்கித் தருகிறதாம், விரும்புகிறவர்கள் மாறிக்கொள்ளலாமாம். யாரையும் கேட்காமல் நானே படித்துப் புரிந்துகொண்ட முதல் கடிதம் இதுதான் ஜில். நானே அந்த எண்ணுக்குப் போன் செய்து அவளை வரச் சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தாள், இந்த முறை கதவைத் திறந்தேன். பழைய பில்களைப் பார்த்துவிட்டு, இருக்கிற திட்டங்களிலேயே அதிகக் கட்டணத்தில் நான் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை என்று கேட்டு எழுதிக்கொண்டே, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்றாள். "குறை சொல்ல ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். பிறகு கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டினாள், பெயர் சேர்க்க மறுநாள்தான் கடைசி நாள் என்றாள். முழுக்கப் படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். கடிகாரத்தைப் பார்த்தாள், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், "படிங்க" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி, 'வீட்டில் நோயாளிகள்: எவரும் இல்லை.' அதில் விரலை வைத்து, "இதை யாரு சொன்னது?" என்றேன். "நீங்கதானே சொன்னீங்க, குறை ஒண்ணுமில்லன்னு" என்றாள். "அது யாரு கேட்டாலும் சொல்றது. இந்த ஊர்ல சவப்பெட்டிக்குள்ள இருக்கிறவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் அப்படித்தான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சரி, இப்ப நெஜத்தைச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். உனக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தில் நிலக்கரித் தூசியை மூச்சில் இழுத்ததை, அது இப்போது நெஞ்சில் உட்கார்ந்திருப்பதை, மாடிப்படியில் பாதியில் உட்கார வேண்டியிருப்பதை எல்லாம் சொன்னேன். பிப்ரவரியில் போன் பழுது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீடு குளிரவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பில்லுக்குப் பயந்து நான் சமையலறையை மட்டும் காலையில் சூடாக்கிவிட்டு மற்ற நேரம் கோட்டோடு இருக்கிறேன், கோட்டோடுதான் படுக்கிறேன். நஸ்ரீன் அந்த வரியை அடித்து, பக்கத்தில் வேறு எழுதி, அதையும் என்னைப் படிக்கச் சொல்லி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினாள். நெஞ்சு நோயாளிகளுக்குக் கூடுதல் சலுகை உண்டாம், குளிர்காலத்தில் இணைப்பைத் துண்டிக்கவும் மாட்டார்களாம். அந்த வரி அப்படியே போயிருந்தால் அது எதுவும் எனக்குக் கிடைத்திருக்காது என்றாள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து புதிய கட்டணம். படுக்கையறையையும் சூடாக்கலாம் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள்.

கோபம் வந்தால் திட்டி எழுது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. குறை ஒன்றுமில்லை என்ற அந்தப் பதிலை உனக்குப் பழக்கியதும் நான்தான். சின்ன வயதில் முழங்காலில் ரத்தம் வழிய வந்து நின்று, ஒன்றுமில்லை அப்பா என்பாய், நான் பெருமைப்படுவேன். கிரஹாம் உன்னை விட்டுப் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில் நன்றாக இருக்கிறேன் என்கிறாய், உடனே டோபியிடம் போனைக் கொடுத்துவிடுகிறாய். அம்மா உயிரோடு இருந்தவரை உன் கடிதத்தை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள், அவளுக்குப் பிறகு டோரா, அதனால் என்னிடம் மட்டும் சொல்ல வேண்டியதை எழுத உனக்கு வழியே இல்லாமல் போயிற்று. இப்போது இருக்கிறது. உண்மையை எழுது ஜில். பெரிய எழுத்தில் எழுது. எத்தனை பக்கமானாலும் கடைசி வரியைப் படிக்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன்.

கடவுள் உன்னையும் பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும். உறையின் மேல் என் பெயரை எழுது, டோராவின் பெயரை அல்ல. அடுத்த வாரமும் வகுப்பு முடிந்து வந்ததும் உனக்குத்தான் எழுத உட்காருவேன்.

உன் அப்பா,
கிளிஃபர்ட் ஆர்மிடேஜ்