தம்பி மேடை ஏறாத நாள்

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், வழக்கத்துக்காக எழுதும் சுகம் இல்லை, நிஜமாகவே சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியவன் நான்தான் என்பதுபோல.

தம்பி தன்னைப்போலவே பைபோலார் என்ற மனநோய் உள்ள இளவட்டங்களோடு சேர்ந்து ஏதோ ஆராய்ச்சி செய்கிறான் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது நம் சலூனில்தான் நடக்கிறது. கடை விடுமுறை அன்று சுழல் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மருத்துவக் கட்டுரைகளைப் படிக்கிறார்கள், இந்த நோயோடு பல வருடமாக நன்றாக வாழ்கிறவர்களுக்குப் போன் போட்டு எது உதவியது, எது உதவவில்லை என்று கேட்கிறார்கள், பிறகு தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஏதோ சாறு குடித்தால் போதும் என்று இணையத்தில் பார்த்ததை ஒரு பையன் கொண்டுவந்தான், மற்றவர்கள் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நேரத்துக்குத் தூங்குவது, மனம் கட்டுக்கடங்காமல் ஓட ஆரம்பித்தால் மறைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது, உடனே வேலைகளைக் குறைத்துக்கொள்வது என்று தேறியதை எல்லாம் தொகுத்து மற்ற பிள்ளைகளுக்கும் அனுப்புகிறார்கள். அதைக் கேள்விப்பட்ட மருத்துவமனைக்காரர்கள், டாக்டர்களும் குடும்பங்களும் கூடும் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். பேசப்போவது உன் தம்பி என்று முடிவானது. அம்மா இஸ்திரி போட்ட அவன் சட்டைக்கே திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அவன் ஆளே மாறினான். விடிவதற்குள் கடைக்குப் போய் அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினான், முடிவெட்ட வந்தவர்களிடம் எல்லாம் நாங்கள் இன்னொரு கடை திறக்கப்போவதாகச் சொன்னான். போன தடவை அவனை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்ததும் இப்படித்தானே தொடங்கியது. சொன்னால் கோபப்படுவானோ என்று நானும் அம்மாவும் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தோம். அப்போது, நான் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, அவனே பக்கத்தில் வந்து நின்று, “அப்பா, நான் ரொம்ப வேகமா போயிட்டிருக்கேன், எனக்கே தெரியுது. டாக்டர்கிட்ட போகணும், நீங்களும் வாங்க” என்றான். பாதி முகத்தில் நுரையோடு இருந்த அந்த மனுஷர், “போயிட்டு வாங்க, நான் இப்படியே எங்க போயிடப் போறேன்” என்றார்.

டாக்டர் மாத்திரை அளவை மாற்றினார், கூட்டம் வேண்டாம், ஓய்வெடு என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி அழுதான். ஆனாலும் எழுதி வைத்திருந்த பேச்சைத் தன் கையாலேயே குழுவில் வாயே திறக்காத ஒரு பெண்ணிடம் கொடுத்தான், அமுக்குணி என்று அவளைக் கேலி செய்வார்கள். கூட்டத்துக்கு நான் மட்டும் போனேன். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “இதைப் பேச வேண்டியவர் வரல. தனக்கு உடம்பு சரியில்லாம போகப்போகுதுன்னு முன்னாடியே கண்டுபிடிச்சு வீட்ல தூங்கிட்டிருக்கார். இதைவிட நல்ல உதாரணம் எங்ககிட்ட இல்ல” என்றாள். கூட்டமே எழுந்து கை தட்டியது, எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “நான் பேசியிருந்தா இவ்வளவு கைதட்டல் வந்திருக்காதுப்பா” என்றான்.

இப்போது நிதானமாக இருக்கிறான், மருத்துவமனை வரைக்கும் போகவில்லை. இனி எப்போதும் வராது என்று நான் சொல்ல மாட்டேன், வந்தால் சேர்ந்து பார்த்துக்கொள்வோம். அடுத்ததாக அந்தப் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களிடம் கேட்கப்போகிறார்களாம், உனக்கும் கேள்விகள் வரும். அவன் மனம் நோகுமே என்று பூசி மெழுகாதே. நாங்கள் அவனோடு மருத்துவமனையில் கிடந்தபோது நீ தனியாக வீட்டில் இருந்தாயே, அப்போது பட்டதையும் எழுது. “அக்கா இதுவரைக்கும் என்கிட்ட சொன்னதே இல்ல, நானும் கேட்டதில்ல” என்று அவன்தான் உனக்கு எழுதச் சொன்னான்.

மறக்காமல் பதில் போடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்ற ஆசியோடு,

உன் அப்பா