ஜோடியாகப் போனோம்

அன்புத் தங்கை குட்டிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று இந்த முறை எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுதாகப் படி.

எங்கள் சலவைக்கூடத்தில், மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம் என்று மருத்துவமனைக்காரர்கள் எத்தனையோ தடவை நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒருத்தியும் போகவில்லை. டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்துக்கொண்டோம். படிக்காத ஜனம், சொன்னால் புரியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். புரியாமல் என்ன! அம்மா எதில் போனாள் என்று நமக்குத் தெரியாதா?

போன மாதம் ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண் வந்தாள். எங்களோடு உட்கார்ந்து டீ குடித்து மெல்ல வாயைக் கிளறினாள். என்னோடு போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிப்பவள் ஒருத்தி உண்டு, பட்டப்பெயர் லொடலொடா. அவள்தான் கொட்டிவிட்டாள். "தனியா போனா, அவளுக்கு என்னமோ வந்திருச்சுன்னு எல்லாரும் பேசுவாங்க. அதான் போகல" என்றாள்.

உடனே அந்தப் பெண் ஏற்பாட்டையே மாற்றினாள். மடிக்கிற ஜோடி ஜோடியாக எல்லோருக்கும் முறை போட்டார்கள். வரமாட்டேன் என்பவள்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. நானும் லொடலொடாவும் சிரித்துக்கொண்டே போனோம்.

அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது. எலும்பு வரைக்கும் போய்விட்டதாம். முதல் நோட்டீஸுக்கே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். ஆராய்ச்சிப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவள்மேல் கோபமில்லை. இந்த டீயை முன்னாலேயே யாராவது எங்களோடு குடித்திருக்கக் கூடாதா என்றுதான் வயிறு எரிகிறது. லொடலொடா இப்போது பேசுவதே இல்லை, மடிக்கும்போது என் முகத்தையும் பார்ப்பதில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, கல்லு மாதிரி இருக்கேன், வேலை தலைக்கு மேல கிடக்கு" என்பாய். நானும் கல்லு மாதிரிதான் இருந்தேன். உன் ஊர் மருத்துவமனையில் வரும் செவ்வாய்க்கிழமைக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உனக்கு ஜோடியாக நான் வருகிறேன். நெடுநேரம் உட்கார முடியாது, பஸ்ஸில் சாய்ந்தபடி வந்துவிடுவேன். யாராவது பார்த்துக் கேட்டால் கூச்சப்படாதே. அக்காவுக்குத்தான் சீக்கு, நான் துணைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்.

என் வயதையும் சேர்த்து நீ வாழ வேண்டும்.

உன் அக்கா