அக்காவுக்கு வரைந்த முகம்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுவதும் அக்காவின் பின்னலை வரைவதிலேயே போயிற்று. மகள் எடுப்பது அனிமேஷன்; ஓர் அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைந்து தந்துவிடுவாள். இடையில் வருபவை என் பொறுப்பு. அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் தாளின்மேல் தாள் வைத்து வரைய வேண்டும். கல்லூரியில் தாவரவியல் நடத்தி, இலை நரம்புகளை வரைந்தே பழகிய கை. இதற்காவது உதவட்டும்.

மகளின் ஆவணப்படம் அக்காவைப் பற்றியது. ஆனால் அக்காவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு அவள் போன அன்றே, அவள் இருந்த படங்களையெல்லாம் அப்பா கிழித்து அடுப்பில் போட்டார். அப்போது எனக்கு ஏழு வயது. பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. மூன்று வருடத்தில், கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குழந்தைக்கு இப்போது அறுபது வயது.

அதனால்தான் கையால் வரைகிற படம். அதனால்தான் நான்.

“முகம் ஞாபகம் இருக்குல்லப்பா?” என்றாள் மகள்.

“இருக்கு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 6, வியாழன்

வரைந்துவிட்டேன். கை தானாகப் போனது. அகன்ற நெற்றி, சற்றே மேலேறிய இடது புருவம், சிரிப்பை அடக்கிய உதடு. மகள் வெகுநேரம் பார்த்தாள். “உயிரோட இருக்காங்கப்பா.” சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் மகள் வந்திருந்தாள். தாளை வாங்குவதற்குமுன் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்று புருவத்தைத் தடவினாள்.

“மாமா, எனக்கும் இடது பக்கம் கொஞ்சம் ஏறித்தான இருக்கு?”

“ஆமாம்மா.”

இல்லை. ஏறியிருக்கவில்லை.

“பேரன் எடுத்தப்புறம் அம்மா மூஞ்சியப் பாக்குறேன் பாருங்க” என்று சிரித்தபடியே அழுதாள். சட்டம் போட எடுத்துப் போயிருக்கிறாள்.

மார்ச் 10, திங்கள்

மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக் கல்லாவில் இருக்கும் பெண் சீட்டை வாங்க நிமிர்ந்தாள். அந்தப் புருவம். அந்த உதடு. மாதாமாதம் பார்க்கிற முகம்.

“என்ன சார், பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?”

மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

மார்ச் 11

மாத்திரை, அடுத்த தெருக் கடையில். கோழை.

மார்ச் 15, சனி

தொலைபேசியில் அக்காவின் மகள். படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறாளாம். “எந்திரிச்சதும் அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் மாமா காபியே. உங்க மாப்பிள்ளைக்குப் பொறாமை. ‘எங்கிட்ட இவ்வளவு பேசுனதே இல்லியே’ங்கறார்.”

நானும் சிரித்தேன். சிரித்தேனே!

நுண்ணோக்கியில் பார்க்காமல் மகரந்தத்தை வரைந்து வந்த மாணவர்களை எவ்வளவு கடிந்திருக்கிறேன் — கண்டதை வரை, கற்பனையை வரையாதே என்று. சொன்னால் அவள் இரண்டாவது தடவையாகத் தாயை இழப்பாள். சொல்லாவிட்டால் காலைதோறும் யாரோ ஒருத்தியோடு பேசிக்கொண்டிருப்பாள். எது பெரிய பாவம்? தெரியல. எனக்கு நெஜமாவே தெரியல.

மார்ச் 16, ஞாயிறு

கண்ணை மூடி, முறையாக நினைவுகூர முயன்றேன். முகம் — ஒன்றுமில்லை. சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துத்தான் அக்கா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். நான் பார்த்ததெல்லாம் முதுகுதான். பின்கழுத்தில் மயிர் இரட்டைச் சுழியாக இறங்கும். வலது காது மட்டும் சற்று வெளியே தள்ளியிருக்கும். அதன் பின்னால் ஒரு மச்சம். எதிர்வெயில் பட்டால் அந்தக் காது சிவப்பாகத் தெரியும்.

இவ்வளவும் இருக்கிறது. முகம் மட்டும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மருந்துக்கடை முதல் சைக்கிள் வரை. பென்சிலைக் கீழே வைத்தாள். “இது ஆவணப்படம்பா.” அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். தாள்களை அடுக்கிக்கொண்டே, “அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

மார்ச் 22, சனி

போனேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை.

“அது… அம்மா இல்லம்மா. மருந்துக்கடைப் பொண்ணு.”

“வெளையாடாதீங்க மாமா.”

விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள். “ஞாபகம் இல்லன்னு சொல்ல வாய் வரலியா? உங்கப்பா கிழிச்சுப் போட்டார். நீங்க வேற யாரையோ கொண்டாந்து ஒட்டிட்டீங்க. அவரே தேவல.”

படியிறங்கினேன். மாப்பிள்ளைதான் வாசல்வரை வந்தார். அவள் வெளியே வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அக்காவின் மகளிடமிருந்து பேச்சில்லை. முகம் வரும் தாள்களை மகள் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் கதை சொல்லும் குரல் மட்டும் ஓடுகிறது, வெள்ளைத் திரையில்.

ஏப்ரல் 26, சனி

அழைப்பு மணி. அக்காவின் மகள். என்னைக் கூப்பிடாமலே உள்ளே வந்து, மகளைப் பார்த்து, “போன்ல சைக்கிள் கதையெல்லாம் சொன்னியே, எங்க உக்காரணும்?” என்றாள்.

“அந்தப் படம்…” என்று இழுத்தேன்.

“மாட்டித்தான் இருக்கு. மருந்துக்கடைப் பொண்ணோ யாரோ, பழகிட்டா. கழட்ட மனசு வரல.”

முக்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னலைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நரைத்த கூந்தலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கறத மட்டும் வரைங்க.”

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இரட்டைச் சுழி இல்லை. மச்சம் இல்லை. வலது காது சற்று வெளியே தள்ளி, வெயிலில் சிவந்திருந்தது.

பென்சிலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

“கை வலிக்குது மாமா. ஆரம்பிங்க.”