தலைகீழாக வந்த மலை

என் பிரிய வேதா, செமிகோலன் என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவளே,

உன் மகள் நீலா இப்போது திருப்பதியில்தான் இருக்கிறாள். அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்தவள், உன் அண்ணா வீட்டு மொட்டைமாடியை விட்டு இறங்குவதே இல்லை. "அழவும் மாட்டேங்கறா, பேசவும் மாட்டேங்கறா. நம்ம வேதா போனதுலேருந்து அவ வாயில அம்மாங்கற வார்த்தையே வரலை. நீ ஒரு தரம் வந்துட்டுப் போயேன், ரேணுகா" என்று அண்ணா போனில் சொன்னதும், சித்தூரில் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

வழி முழுக்க ஒரே யோசனை. அந்தப் பெண்ணிடம் எதைப் பேசுவேன்? நான் வாயைத் திறந்தால் நீதானே வருவாய்?

மாடிக்குப் போனால் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். திரையில் என்ன தெரியுமா? மேட்லாப்! நாம் காலேஜில் தட்டிப் பழகிய அதே கணக்கு ப்ரோகிராம். அவளுக்கு முதல் வருஷப் பாடமாம். "ஆன்ட்டி, உங்களுக்கு இது தெரியுமா?" என்றாள். பெரிம்மா என்று கூப்பிடச் சொல்லி நீ எத்தனை சொன்னாலும், அவளுக்கு நான் ஆன்ட்டிதான்.

தெரியுமா என்றா கேட்டாள்! திருப்பதியில் நம் காலேஜ் கம்ப்யூட்டர் லேப் வாசலே கண்முன் வந்துவிட்டது எனக்கு. கோவிலுக்குள் போவதுபோலச் செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைவோமே. ஊரே விசா, அமெரிக்கா, கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று பறந்துகொண்டிருந்த காலம். குடிபாலாவில் கூலி வேலைக்குப் போகிற வீட்டிலிருந்து வந்த நானும், பெருமாள் கைங்கரியம் செய்கிற வீட்டிலிருந்து வந்த நீயும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தோம். 2+2 என்று அடித்ததற்கு ans = 4 என்று பதில் வந்ததே, அதற்கே கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் நாம்.

மேட்லாபில் சதுர அடைப்புக்குள் எண்களை இடம் விட்டு எழுதினால் ஒரு வரிசை. நடுவே செமிகோலன் வைத்தால் அடுத்த வரிசை தொடங்கும். அதையே வரியின் கடைசியில் வைத்தால், மெஷின் கணக்கைப் போட்டுவிட்டுக் கம்மென்று இருக்கும். வைக்காவிட்டால் போட்டதையெல்லாம் நம்மிடம் ஒப்பிக்கும். நீ கடைசியில் அதை வைக்கவே மாட்டாய்.

"ஐய, எத்தினி நம்பரு ஓடிக்கினே கீது பாரு! ஒரு செமிகோலன் வெச்சா இன்னாடி?" என்று நான் கத்துவேன்.

"பாவம்டி, கணக்குப் போட்டுட்டு ஆசையாச் சொல்ல வர்றது. அது வாயை ஏன் பொத்தணும்?" என்பாய்.

அந்த மலை ஞாபகம் இருக்கிறதா? கடைக் காலண்டரில் திருமலைப் படம். அதன்மேல் கட்டம் போட்ட ட்ரேசிங் தாளை வைத்து, மலைமுகடு எத்தனையாவது கட்டத்தில் வருகிறது என்று மேலிருந்து எண்ணி நான் சொல்லிக்கொண்டே வந்தேன், நீ y என்ற பெயரில் அடித்துக்கொண்டே வந்தாய். பிறகு, அதைப் படமாக வரை என்பதற்கு plot(y) என்று அடித்து என்டரைத் தட்டினாய். மலை வந்தது, தலைகீழாக! மேலிருந்து எண்ணினால் உச்சிக்குத்தான் சின்ன எண் வரும், அது படத்தில் அடியில் போய்விடும் என்று நம் இருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

"பெருமாளே! ஏழு மலையையும் கவுத்துட்டோமேடி!" என்று பதறிப்போய், இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டாய். கடைசியில் மூக்கு நுனியிலும் ஒரு தட்டு. கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் திருப்பதியில் தெருவுக்குத் தெரு உண்டு. மூக்கைத் தட்டுகிறவளை உன்னைத் தவிர நான் கண்டதில்லை. கம்ப்யூட்டரையா கும்பிடுகிறாய் என்று லேப் அட்டெண்டர் தெலுங்கில் கேலி பண்ணினார்.

அப்புறம் y-க்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டோம். plot(-y). மலை நிமிர்ந்தது. வேதா, இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தினமும் ஜன்னலில் பார்க்கிற மலைதான். அது எண்ணாகி ஒரே வரிக்குள் அடங்கி, ஒரு சின்னக் கோடு போட்டதும் எழுந்து நின்றதே!

இப்போது உன் மகள் சொல்கிறாள்: "சொந்தமா நம்பர் எடுத்து ஏதாவது வரையணுமாம். நான் அந்த மலையை வரையப் போறேன்." எதிரே நிற்பதைக் கை காட்டினாள். நீ அவளுக்கு நம் கதையைச் சொல்லியிருந்தாயா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

செல்போனில் மலையைப் படம் பிடித்தாள். அதன்மேல் கட்டம் போட்டாள். மேலிருந்து எண்ணத் தொடங்கினாள். மேலிருந்து வேண்டாம் கண்ணு என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கடைசியில் செமிகோலனும் வைக்கவில்லை அவள், எண்கள் கடகடவென்று ஓடின. அப்புறம் plot(y).

மலை கவிழ்ந்துகொண்டு வந்தது.

"ஐயையோ!" என்றாள். கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. இந்தக் கன்னம், அந்தக் கன்னம். பிறகு மூக்கு நுனியில் ஒரு தட்டு.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெரிம்மா... அம்மா இப்படித்தான் பண்ணுவா."

அவ்வளவுதான், மடை உடைந்தது. என் மடியில் விழுந்து அம்மா அம்மா என்று அழுதாள். சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணா மாடிப்படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன் வேதா. அத்தனை கடல் தாண்டிப் போனவளே, அந்த ஒரு தட்டை எப்படி இவள் விரலில் கொண்டுவந்து சேர்த்தாய்?

அழுது முடித்ததும் மைனஸ் போட்டாள். மலை நிமிர்ந்தது. நாங்களும் ஒருநாள் இதே மலையைக் கவிழ்த்தோம் கண்ணு என்றேன். "அம்மாவும் தப்பா வரைஞ்சாளா? எல்லாத்தையும் சொல்லுங்கோ பெரிம்மா" என்கிறாள்.

சொல்கிறேன். ஒரு நாற்காலியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டதில் தொடங்கி, உன்னை விமானம் ஏற்றிவிட்டு நான் தனியே பஸ் ஏறியதுவரை எல்லாம் சொல்வேன். எந்த வரியின் கடைசியிலும் செமிகோலன் வைக்க மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உன் நீலாவின் பெரிம்மா,
ரேணுகா